ஜெர்மனியில் க்ளைன்கார்ட்டன் எடுக்கிறீர்களா? விண்ணப்பம் முதல் ஒப்படைப்பு வரை

ஜெர்மனியில் ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊர் நெருங்கும்போது தண்டவாளத்தை ஒட்டிச் சின்னச் சின்னத் தோட்டங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு மரக் குடில், ஓர் ஆப்பிள் மரம், அளவெடுத்துக் கத்தரித்த வேலி. சிலவற்றில் கொடிக்கம்பம்கூட இருக்கும். இவைதான் க்ளைன்கார்ட்டன்கள். நாடு முழுவதும் சுமார் 9 லட்சம் இருக்கின்றன. பெர்லினில் மட்டும் ஏறத்தாழ 70,000. நிலம் பெரும்பாலும் மாநகராட்சிக்கோ வேறு பொது அமைப்புக்கோ சொந்தம். அதைத் தோட்டக்காரர் சங்கங்கள் குத்தகைக்கு எடுத்து, துண்டு துண்டாக உறுப்பினர்களுக்கு விடுகின்றன.

பால்கனியில் நாலு தொட்டி வைத்துச் சலித்துப்போன தமிழ்க் குடும்பங்களும் இப்போது இதற்காக வரிசையில் நிற்கின்றன. கேட்பவர்களுக்கு எப்போதும் இரண்டு கேள்விதான். எவ்வளவு செலவாகும்? ஏன் இவ்வளவு சட்டம்?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தோட்டத்தை விட்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் பணத்தால் போவதில்லை, எரிச்சலில் போகிறார்கள். இங்கே விதிகள் மூன்று அடுக்காக இருக்கின்றன. அடியில் 1983-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் க்ளைன்கார்ட்டன் சட்டம். அதற்கு மேல் ஒவ்வொரு ஊரும் சங்கமும் எழுதிவைத்திருக்கும் தோட்ட ஒழுங்கு. அதற்கும் மேல் எங்கேயும் எழுதாத, பக்கத்துத் தோட்டக்காரரின் பழக்கம். முதலாவதோடு மோதிப் பயனில்லை. இரண்டாவதைப் பொதுக்கூட்டத்தில் பேசி மாற்ற வழி உண்டு. மூன்றாவது பெரும்பாலும் ஒரு காப்பியில் தீரும். ஒருவர் "இது கூடாது" என்று சொன்னால், அது எந்த அடுக்கில் இருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மிச்ச வழிகாட்டி முழுக்க இதைத்தான் வெவ்வேறு இடங்களில் சொல்லப்போகிறேன்.

கொஞ்சம் வரலாறும் உதவும். 1860களில் லைப்ஸிக் நகரில் ஹௌஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒரு சங்கம் தொடங்கினார். சில ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்த ஷ்ரேபர் என்ற மருத்துவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். க்ளைன்கார்ட்டனை ஷ்ரேபர்கார்ட்டன் என்று இன்றும் பலர் சொல்வது அதனால்தான், ஆனால் அந்த மருத்துவர் ஒரு தோட்டமும் போடவில்லை. சங்கம் அமைத்ததும் குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடல்தான். கெஸல் என்ற இன்னோர் ஆசிரியர் அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்குப் பாத்தி போட்டார். பிள்ளைகள் களை எடுக்காததால் பெற்றோர் கைக்கு வந்தது. அப்புறம் இரண்டு உலகப் போர்கள். சாப்பாட்டுக்கு இந்தத் தோட்டங்களை நம்பி இருந்தார்கள். குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் குடில்களிலேயே குடியிருந்தார்கள். காய்கறி கட்டாயம், குடியிருக்கத் தடை என்று சட்டம் இரண்டையும் அழுத்திச் சொல்வதன் பின்னணி இது.

படி 1: இடம் தேடுவது

பெர்லின், ஹம்பர்க், மியூனிக் போன்ற ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீளும். கொரோனாவுக்குப் பிறகு இன்னும் நீண்டுவிட்டது. கிழக்கு ஜெர்மனியில் மக்கள் குறைந்துவரும் சிற்றூர்களில் நேர்மாறு: தோட்டம் காலியாகக் கிடக்கும், எடுக்க ஆள் இருக்காது. நகர எல்லையிலிருந்து அரை மணி நேரப் பயணத்துக்குத் தயார் என்றால் வாய்ப்பு நிறையவே கூடும்.

நகரச் சங்கங்களின் கூட்டமைப்பில் விண்ணப்பம் போடுங்கள், அதோடு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தோட்டக் குடியிருப்புகளுக்குள் நடந்து போங்கள். பகலில் பெரும்பாலும் வாசல் திறந்திருக்கும், பொதுப் பாதையில் யாரும் நடக்கலாம். நுழைவாயிலில் கண்ணாடிப் பெட்டி வைத்த அறிவிப்புப் பலகை இருக்கும். காலியாகும் தோட்டம், சங்கத் தலைவரைச் சந்திக்கும் நேரம் எல்லாம் அதில்தான் ஒட்டுவார்கள். இணையத்தில் வராத தகவல் அங்கே இருக்கும். குத்தகை ஆண்டு பல இடங்களில் நவம்பர் கடைசியில் முடிவதால், இலையுதிர்காலத்தில்தான் அதிகம் கைமாறும். ஆகஸ்ட், செப்டம்பரில் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருங்கள்.

காத்திருக்கும் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பெர்லினில் 2008-இல் மூடிய டெம்பல்ஹோஃப் விமான நிலையத் திடலில் 2011 முதல் ஒரு சமூகத் தோட்டம் நடக்கிறது. அங்கே தரையைத் தோண்டக் கூடாது. அதனால் பழைய பலகை, பெட்டி, மரக்கட்டில் என்று கிடைத்ததையெல்லாம் உயர்த்திய பாத்தியாக்கி மண் நிரப்பி நடுகிறார்கள். ஒரு தடையைச் சுற்றி மக்கள் எப்படி வளைந்து கொடுக்கிறார்கள் என்று பார்க்க அருமையான இடம்.

படி 2: பார்க்கப் போகும்போது

பூவைப் பார்க்காதீர்கள், கூரையைப் பாருங்கள். பழைய குடில்கள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஓடு இருக்கும். அதைக் கழற்றி அப்புறப்படுத்துவது தனிச் செலவு, உங்கள் இஷ்டத்துக்கு உடைத்துக் குப்பையில் போட முடியாது. அடுத்து மரங்கள்: தூயா, பைன், வால்நட் போன்றவை நிற்கின்றனவா? பெரும்பாலான சங்கங்களில் இவை தடை. முந்தையவர் விட்டுவைத்த மரத்தை வெட்டும் வேலை உங்கள் தலையில் விழுமா என்று எழுத்தில் கேளுங்கள். குடிலின் நீள அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள். காரணம் படி 5-இல்.

இன்னொரு கேள்வியைச் சங்கத் தலைவரிடம் கட்டாயம் கேளுங்கள்: இந்த இடம் நகரின் கட்டட வரைவுத் திட்டத்தில் நிரந்தரக் க்ளைன்கார்ட்டன் என்று குறித்திருக்கிறதா? குறித்திருந்தால் பாதுகாப்பு அதிகம். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து அங்கே சாலையோ குடியிருப்போ வரலாம். சட்டப்படி நஷ்டஈடு கிடைக்கும். வளர்த்த ஆப்பிள் மரம் கிடைக்காது.

படி 3: பணமும் கையெழுத்தும்

நிலம் வாங்கவில்லை, குத்தகைதான். ஆனால் குடிலும் மரமும் செடியும் முந்தையவர் சொத்து. அதற்கு அவர் வாய்க்கு வந்த விலை சொல்ல முடியாது. சங்கம் அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து குடில், பாதை, பழமரம் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஒரு தொகை எழுதுவார். பெரும்பாலும் சில ஆயிரம் யூரோவுக்குள் இருக்கும். சோபா, புல்வெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போன்றவை அந்தக் கணக்கில் வராது. வேண்டுமென்றால் வாங்கலாம், வேண்டாமென்றால் "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். கணக்கில் இல்லாத தொகையைக் கையில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆண்டுக் குத்தகை மலிவு. உள்ளூரில் வணிகமாகப் பழமும் காய்கறியும் பயிரிடும் நிலத்துக்கு என்ன வாடகையோ, அதன் நான்கு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதோடு சங்கச் சந்தா, காப்பீடு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்ந்தால் வருடத்துக்குச் சில நூறு யூரோ வரும்.

கணவன் மனைவி இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். குத்தகைதாரர் இறந்தால், அடுத்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிந்துவிடும் என்கிறது சட்டம். இருவரும் சேர்ந்து எடுத்திருந்தால் மற்றவர் பெயரில் தொடரும். ஒரு கையெழுத்தைச் சோம்பலில் விட்டுவிட்டு, துக்க வீட்டில் உட்கார்ந்து இதைப் பற்றிக் கடிதம் எழுதும் நிலை யாருக்கும் வேண்டாம்.

படி 4: மூன்றில் ஒரு பங்கு

இதுதான் முழு விஷயத்தின் மையம். க்ளைன்கார்ட்டன் என்றால் விற்பனைக்கல்லாத சொந்தத் தேவைக்குக் காய் பழம் விளைவிப்பதும் ஓய்வும் என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு விளைவிக்க வேண்டும் என்று எண் சொல்லவில்லை. அந்த எண்ணை 2004-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் கொடுத்தது: பொதுவாக, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே உள்ளது. ஆக, 300 சதுர மீட்டர் தோட்டம் என்றால் 100 சதுர மீட்டரில் காய்கறிப் பாத்தி, பழமரம், பெர்ரிப் புதர், மூலிகை இருக்க வேண்டும். புல்வெளியும் டிராம்போலினும் இந்தக் கணக்கில் சேராது.

ஜெர்மன் இளம் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் திணறுகின்றன. அவர்களுக்குப் புல்வெளி வேண்டும், பாத்தி வேலை பெரும் சுமை. நமக்கு இது பிரச்சினையே இல்லை. சொல்லப்போனால் நாம் மூன்றில் இரண்டு பங்கை நட்டுவிட்டு உட்கார இடமில்லாமல் நிற்கிற கூட்டம். நம் சிக்கல் வேறு: எதை நடுவது?

முதல் எதிரி உறைபனி. மே 11 முதல் 15 வரை வரும் ஐஸ்ஹைலிகெ (பனிப் புனிதர்கள்) நாட்கள் முடியும்வரை மென்மையான செடிகளை வெளியே விடக் கூடாது என்பது ஜெர்மன் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. எங்கள் வரிசையில் தோட்டம் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா, முப்பது வருட அனுபவத்தில் அதையே இப்படிச் சொல்வார்: "மே பதினைஞ்சு போகட்டும் தம்பி, அதுக்கு முதல் மிளகாய்க் கண்டை வெளியில வைக்காதேங்கோ." மிளகாயும் கத்தரியும் பிப்ரவரி கடைசியிலேயே வீட்டு ஜன்னலில் நாற்றுப் போட்டிருக்க வேண்டும். நேரடியாக மண்ணில் விதைத்தால் காய்க்கும் நேரத்தில் குளிர் வந்துவிடும்.

இரண்டாவது எதிரி பலருக்குத் தெரியாது: பகல் நீளம். அவரை குறும்பகல் பயிர். நம் ஊர் அவரை ரகங்களை இங்கே நட்டால் ஜூன், ஜூலை நீண்ட பகலில் கொடி பந்தல் முழுக்கப் படரும், இலை பளபளவென்று இருக்கும், பூ வராது. செப்டம்பரில் பகல் சுருங்கியதும் பூக்கத் தொடங்கும். காய் பிடிக்கும் முன் உறைபனி அடித்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவார்கள். உரம் காரணமில்லை. பகல் நீளம் பாராத ரகம் கிடைத்தால் நடுங்கள், இல்லையென்றால் அந்தப் பந்தலில் ஜெர்மன் கொடி பீன்ஸை ஏற்றுங்கள். பொரியலுக்கு ஒன்றும் குறைவில்லை.

நன்றாக வருபவை: முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயம், கொத்தமல்லி, புதினா, பூசணி, லீக்ஸ், உருளைக்கிழங்கு. வெண்டையும் பாகலும் கண்ணாடிக் குடிலுக்குள்தான். அதை வைக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும், அளவுக்கும் வரம்பு உண்டு. கறிவேப்பிலை தொட்டியில் மட்டும், அக்டோபரில் வீட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். முருங்கைக் கனவை விட்டுவிடுங்கள்.

கீரைக்கு ஒரு தனி எச்சரிக்கை. தண்டுக்கீரை கோடையில் தளதளவென்று வரும். ஆனால் அதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்று இங்கே சாதாரணக் களை. மேற்பார்வைக்கு வருகிறவர் உங்கள் கீரைப் பாத்தியைப் பார்த்து "களை எடுக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போவார். பாத்தியை நேர்வரிசையாகப் போட்டு, பெயர் எழுதிய குச்சி ஒன்றை நட்டுவையுங்கள். செடி அதேதான், குச்சி இருந்தால் பயிர்.

விதையை ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவருவதைப் பற்றி: 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுச் செடிக்கும் விதைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தில் பிடித்தால் போய்விடும். இங்கேயே விதை சேர்த்து வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். அப்புறம், மிஞ்சிய விளைச்சலைக் கொடுக்கலாம், தமிழ்க் கடைக்கு விற்கக் கூடாது. விற்றால் அது க்ளைன்கார்ட்டன் இல்லை.

படி 5: குடில்

24 சதுர மீட்டர். கூரை போட்ட திண்ணையும் சேர்த்துத்தான் இந்த அளவு. எளிய கட்டுமானமாக, நிரந்தரமாகக் குடியிருக்கத் தகுதியில்லாததாக இருக்க வேண்டும். இது சட்ட அடுக்கு, இதில் பேச்சுவார்த்தை கிடையாது. மழைக்குத் திண்ணைமேல் ஒரு கூரை நீட்டினோம், அவ்வளவுதானே என்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் இதைவிடப் பெரிய குடில்கள் உண்டு. ஒருங்கிணைப்புக்கு முன் முறையாகக் கட்டியவை என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். அதை இடித்துப் புதிதாகக் கட்டினால் உங்களுக்கும் 24தான்.

கோடையில் ஒன்றிரண்டு இரவு தங்குவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தபால் பெட்டி வைத்து, முகவரி பதிந்து, குடியேறினால் ஒப்பந்தம் போகும். கழிப்பறைக்குப் பல இடங்களில் மக்கும் உலர் கழிப்பறை மட்டுமே அனுமதி, கழிவை உரமாக்கலாம்.

படி 6: சத்தம், புகை, வேலி

மதியம் 1 முதல் 3 மணி வரை அமைதி நேரம் என்று பல சங்கங்கள் வைத்திருக்கின்றன. ஞாயிறும் பண்டிகை நாளும் முழுக்க அமைதி. புல்வெட்டியை எடுக்கவே கூடாது. வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை மட்டும்தான் மிச்சம், அதிலும் நடுவில் இரண்டு மணி நேரம் கழியும். பழகியவர்கள் சத்தமான வேலையைக் காலையில் முடித்து, அந்த இரண்டு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கும் களை பிடுங்கவும் வைத்துக்கொள்கிறார்கள். கையால் தள்ளும் புல்வெட்டி வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லையும் குறைவு.

பாதையோர வேலி பல இடங்களில் 1.25 மீட்டர்தான். வழியில் போகிறவர் தோட்டத்தைப் பார்க்க முடிய வேண்டும் என்பது எண்ணம். நமக்கு இது கூச்சமாக இருக்கும், உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதை ஊரே பார்க்கிறதே என்று. அதற்கு உயரத்தைக் கூட்டாமல், உட்காரும் இடத்துக்கு முன் மட்டும் பெர்ரிப் புதரோ கொடி பீன்ஸோ வைத்துவிட்டால் மறைப்பும் ஆகும், மூன்றில் ஒரு பங்குக் கணக்கிலும் சேரும். மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை உயிர்வேலியை அடியோடு வெட்டுவது இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. பறவைக் கூடு இல்லையென்று பார்த்துவிட்டு நுனியைக் கத்தரிக்கலாம்.

வருடத்தில் ஓரிரு முறை செயற்குழு சுற்றிப் பார்க்க வரும். மூன்று நான்கு பேர், ஒருவர் கையில் குறிப்பேடு, இன்னொருவர் கையில் மடக்கு அளவுகோல். வேலி அருகே நின்று அளவுகோலை விரிப்பார், எண்ணை வாசிப்பார், மற்றவர் எழுதுவார். யாரும் சிரிக்க மாட்டார்கள். முதல் முறை பார்க்கும்போது அவமானமாகத் தோன்றும். வேலி வழியாக "வணக்கம்" சொல்லி, சந்தேகம் இருப்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். அங்கே வாயால் முடியும் விஷயம், போன பிறகு கடிதமாகத்தான் வரும்.

சொந்தக்காரர் இருபது முப்பது பேரைக் கூட்டிப் பிறந்தநாள் வைக்கிறீர்கள் என்றால், இருபக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், அவர்களையும் அழையுங்கள். வந்தவர்களின் கார் பாதைக்குள் வரக் கூடாது. திறந்த நெருப்பு பெரும்பாலும் தடை, கிரில் அடுப்புக்குத் தடையில்லை. மீன் பொரிக்கும் வாசனை பற்றி எந்த ஒழுங்கிலும் நான் படித்ததில்லை. அது மூன்றாவது அடுக்கு; ஒரு தட்டு வேலிக்கு மேலே நீட்டினால் சரியாகிவிடும்.

படி 7: சிரமதானமும் கூட்டமும்

ஒவ்வொரு குத்தகைதாரரும் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் பொது வேலை செய்ய வேண்டும்: பாதை செப்பனிடுவது, குழாய் பார்ப்பது, பொது வேலி வெட்டுவது. வராவிட்டால் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். பணம் கட்டிவிட்டு ஒதுங்கலாம் என்று தோன்றும். ஒதுங்காதீர்கள், வேலைக்குப் போங்கள். மண்வெட்டியோடு அரை நாள் சேர்ந்து நின்றால், தோட்ட ஒழுங்கில் எது கறாராகப் பார்க்கப்படுகிறது, எது கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் விடாதீர்கள். கண்ணாடிக் குடிலின் அளவு, குழந்தைகளின் நீர்த்தொட்டி அனுமதி, அமைதி நேரம் போன்ற இரண்டாம் அடுக்கு விஷயங்களில் சங்கத்தின் கைக்குள் இருப்பவை அங்கே வாக்கெடுப்புக்கு வரும். மொழி தடுமாறினால் கேட்க நினைப்பதை எழுதி முன்கூட்டியே செயற்குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 8: கடிதம் வந்தால்

அப்மானுங் என்ற தலைப்பில் வரும் எச்சரிக்கைக் கடிதத்தைக் கண்டு பதறவும் வேண்டாம், மேசை இழுப்பறையில் போடவும் வேண்டாம். எந்தப் பத்தியை மீறியதாகச் சொல்கிறார்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்யச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் கோடிட்டுக்கொள்ளுங்கள். சரிசெய்ததைப் படம் எடுத்துத் தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள். எச்சரித்த பிறகும் தொடர்ந்தால்தான் முறையான வெளியேற்றம். அதற்கான கடிதம் ஆகஸ்ட் மாத மூன்றாம் வேலை நாளுக்குள் வந்திருக்க வேண்டும், நவம்பர் 30 அன்றுதான் முடியும். குத்தகைப் பாக்கி வேறு கணக்கு. கால் வருடத் தொகை நிலுவையில் இருந்து, நினைவூட்டலுக்குப் பின் இரண்டு மாதத்துக்குள் கட்டாவிட்டால் உடனடியாகவே ரத்து செய்யலாம். சின்னத் தொகைக்காகத் தோட்டத்தை இழந்தவர்கள் உண்டு; வங்கியில் தானாகக் கழியும்படி வைத்துவிடுங்கள்.

படி 9: ஒப்படைப்பு

விடும்போது நீங்கள்தான் முந்தையவர். அதே மதிப்பீட்டாளர் வருவார். நட்ட பழமரம், போட்ட பாதை, மாற்றிய கூரை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தால் காட்டலாம். அனுமதி இல்லாமல் கட்டியதற்கு விலை கிடையாது, அகற்றும் செலவும் உங்கள் கணக்கில் கழியும். அதனால் அனுமதிக் கடிதங்களை முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். குளிர்காலத்துக்கு முன் ஒப்படைப்பதானால் சங்கம் தண்ணீரை மூடும் தேதியைக் கேட்டு, அதற்குள் குழாயில் தண்ணீரை வடித்து, மீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறைந்து வெடித்த குழாய்க்கும் பில் வரும்.